ஈரம் ஒரு வாளி, காய்ந்தது ஒரு வாளி: மட்டக்களப்பில் வீட்டுக் குப்பையைக் குறைக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பொலித்தீன் கெடுதி என்று தெரியாதவர் இப்போது எங்கள் பக்கத்தில் யாருமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை சித்திரப் போட்டியில் ஆமையும் சொப்பிங் பேக்கும் வரைந்து பரிசு வாங்கி வரும். அந்தப் பரிசும் ஒரு சொப்பிங் பேக்கில்தான் வரும். எல்லோருக்கும் இடிப்பது, நாளைக் காலை எழும்பினால் முதலில் எதைச் செய்வது என்ற இடத்தில்தான்.

நான் தொடங்கி மூன்று வருடமாகிறது. வீடு கல்லடிப் பக்கம், வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில். கச்சான் காற்றில் எங்கள் வளவுப் பேக் கடலுக்குப் பறக்கும், வாடையில் வாவிக்குப் பறக்கும். எந்தக் காலத்திலும் அது தண்ணீருக்குத்தான் போகும் என்பதால், வீட்டுக்குள்ளேயே பிடித்துவிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பிழைவிட்டுத்தான் பழகினேன். அந்தப் பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன், உங்களுக்கு இரண்டு மூன்று மாதமாவது மிச்சமாகட்டும்.

முதலில் கொட்டிப் பாருங்கள்

ஒரு கிழமைக்கு ஒன்றையும் மாற்றவேண்டாம். வழக்கம்போல வாங்குங்கள், வழக்கம்போல எறியுங்கள். குப்பை அள்ள வருகிற ட்ரக்டருக்கு மட்டும் கொடுக்காமல் சேர்த்து வையுங்கள். சனிக்கிழமை காலை வெயில் ஏறமுன் வளவில் ஒரு பழைய சாக்கை விரித்து முழுவதையும் கொட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடியும் கையிலிருந்தால் நல்லது.

நாறும். எங்கள் வீட்டில் கொட்டியபோது மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். முதலில் கையில் வந்தது மீன் பேக். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. உள்ளே செதிலும் இரத்தத் தண்ணீரும், அதிலே நீந்தாத குறையாகப் புழு. மீன் விற்கிற நானா ஒழுகுமென்று இரட்டைப் பேக் போடுவார். சைக்கிள் கூடை நாறுமென்று மூன்றாவதை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு கிழமையில் நாலு தடவை மீன், பன்னிரண்டு பேக். அதற்குக் கீழே கடைச் சோறு சுற்றி வந்த, பருப்புக் கறி காய்ந்து ஒட்டின மெல்லிய லஞ்ச் சீட், தேத்தண்ணீர் கட்டி வந்த சின்னப் பை, மகளின் பிஸ்கட் உறைகள், யோகட் கப், மருந்துக் கடைத் தாளுறை, சம்போ பக்கற்று, தேங்காய்ப்பூச் சக்கை, மரவள்ளித் தோல்.

எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொருளின் பெயரை எழுதவேண்டாம், அது வந்த வழியை எழுதுங்கள். “பொலித்தீன் 31” என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. “மீன் 12, பலசரக்குக் கடை 9, கடைச் சாப்பாடு 6” என்று எழுதினால் யாரோடு கதைக்கவேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டுப் பொலித்தீனில் பெரும் பங்கு மூன்றே மூன்று வழியால் வந்தது. உங்கள் வீட்டிலும் மூன்று நாலுக்கு மேல் இராது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு வாளி

குசினியில் இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஈரம், மற்றதில் காய்ந்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

சோறு தனியே கிடந்தால் கோழிக்குத் தீன், மண்ணுக்குப் பசளை. கழுவின போத்தல் தனியே கிடந்தால் காசு. இரண்டையும் ஒரு பேக்கில் திணித்து முடிச்சுப் போட்டால் கோழியும் தின்னாது, போத்தல்காரரும் எடுக்கமாட்டார். நாயும் காகமும்தான் வரும்.

அம்பாறை மாவட்டத்தில், ஒலுவிலுக்கு உள்ளே பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுக்கு யானை வருகிறது. 2022 தொடக்கத்தில் வந்த செய்திகள், அதற்கு முந்திய எட்டு வருடங்களில் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்த யானைகள் ஏறத்தாழ 20 என்றன. வயிற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் யானை வழக்கமாகத் தின்னும் இலைகுழையை அங்கே காணவில்லை. பொலித்தீன், சாப்பாட்டு உறை, சமிக்காத சாமான், தண்ணீர், அவ்வளவுதான். யானைக்குப் பொலித்தீனில் ஆசையில்லை. உள்ளே சோறும் கறியும் மணக்கிறது, முடிச்சை அவிழ்க்க அதற்குத் தெரியாது, பேக்கோடு விழுங்குகிறது. நாங்கள் குசினியில் போடுகிற முடிச்சு காட்டோரத்தில் போய் யானையின் குடலில் இறுகுகிறது. அங்கே மின்வேலி போடவேண்டும், அகழி வெட்டவேண்டும் என்றெல்லாம் கதைப்பார்கள். போடட்டும், வெட்டட்டும். கறி மணக்காத பேக்கை யானை தேடி வராது என்பது வேலியைவிட மலிவான சங்கதி.

எது எந்த வாளி என்று முதல் கிழமை வீட்டில் சண்டை வரும். சாப்பாட்டு மிச்சம், காய்கறித் தோல், மீன் குடல், முட்டைக் கோது, தேயிலைச் சக்கை, வாழையிலை, வெற்றிலைச் சக்கை எல்லாம் ஈரம். போத்தல், டின், கடதாசி, மட்டைப்பெட்டி, கழுவின பொலித்தீன் காய்ந்தது. தேயிலைப் பை சிலவற்றில் பிளாஸ்டிக் இழை உண்டு. கிழித்துத் தேயிலையை மட்டும் ஈரத்தில் கொட்டுங்கள். சிரட்டையை இரண்டிலும் போடவேண்டாம், அடுப்புக்கு வையுங்கள். கறி ஒட்டின லஞ்ச் சீட்டை என்ன செய்வது? கழுவினால் காய்ந்தது, கழுவாவிட்டால் அது இரண்டு வாளிக்கும் எதிரி. பம்பஸ், சனிட்டரி நாப்கின், காயத்துக்குக் கட்டின துணி ஆகியவற்றைப் பழைய பேப்பரில் சுற்றி மூன்றாவதாகத் தனியே வையுங்கள். ட்ரக்டரில் வருகிறவர் வெறுங்கையால் தொடுகிற மனிதர் என்பதை நினைத்துச் சுற்றுங்கள். உடைந்த கண்ணாடிக்கும் அதே மரியாதை.

பொது இடங்களில் நிறம் பூசின தொட்டிகள் இருந்தால், பச்சை உணவுக் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. வீட்டில் ஐந்து நிறம் வாங்கப் போகவேண்டாம். நான் வாங்கினேன். மூன்றில் இப்போது உடுப்புக் கழுவுகிறோம்.

ஈர வாளி எங்கே போகும்?

இலங்கையில் உள்ளூராட்சி சபைகள் அள்ளும் குப்பையில் அரைவாசிக்கு மேல் இந்த ஈரம்தான். ட்ரக்டர் சுமக்கிற பாரத்தில் பாதி, எங்கள் தென்னைக்கே போயிருக்கவேண்டியது.

வளவுள்ளவர்களுக்கு வழி எளிது. தென்னையிலிருந்து நாலைந்து அடி தள்ளி முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். ஒவ்வொரு நாளும் ஈர வாளியைக் கொட்டி, அதன்மேல் இரண்டு மூன்று மடங்கு சருகு, அதன்மேல் ஒரு கை மண். குழி நிரம்பினால் மூடிவிட்டு அடுத்த பக்கம் தோண்டுங்கள். மீன் குடலை மேலாகப் போட்டால் நாய் கிண்டும். அடியில் போட்டு மண்ணை அமத்துங்கள்.

என் பிழை சருகில்தான். முதலில் ஒரு பழைய பீப்பாயை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, சோற்றையும் மீன்கறியையும் மட்டும் கொட்டிக்கொண்டு வந்தேன். சருகு அழுக்கென்று ஒரு பக்கம் கூட்டி எரித்தேன்! பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாய் நெளிகிறது, ஒழுங்கை முழுக்க மணம். பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப் பார்த்து, “என்ன புள்ள, ஆரும் செத்துக் கித்துப் போயிட்டாங்களா?” என்று கேட்டார். சருகைச் சேர்க்கத் தொடங்கி ஒரு கிழமைக்குள் மணம் போய்விட்டது. ஈரம் மட்டும் இருந்தால் காற்றுப் புகாது, அழுகும். சருகு இடையில் இருந்தால் காற்றுப் புகும், உக்கும். இடைக்கிடை ஒரு தடியால் கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண்ணைப்போல மணக்கிற பசளை கிடைக்கும்.

வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கமிருக்கும் எழுவான்கரைக்காரர்களுக்கு ஒரு சொல். மாரி வந்தால் மணலுக்குள் தண்ணீர் ஏறிவிடும், குழி கிணறாகும். ஐப்பசிக்கு முன் குழியை மூடிவிட்டு, கல்லடுக்கி அதன்மேல் பீப்பாய்க்கு மாறுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மேட்டு வளவுள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

வளவில்லாதவர்கள்? மாடி வீட்டிலிருப்பவர்கள் ஒரு மூடியுள்ள வாளியில் ஈரத்தைச் சேர்த்துக் கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கொடுங்கள். பொலித்தீன் கலக்காத சோற்றுக்கு எந்த ஊரிலும் ஆளுண்டு.

காய்ந்த வாளி

கழுவுவதற்குப் புதுத் தண்ணீர் வேண்டாம். அரிசி கழுவின தண்ணீரில் அலசி, கொடியில் கௌவி போட்டுக் காயவிடுங்கள். சட்டையோடு சட்டையாகச் சொப்பிங் பேக் ஆடுவதைப் பார்த்து ஒழுங்கையில் போகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும், அவர்களுக்கு.

பிறகு பிரிக்கவேண்டும். சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு இலக்கம் இருக்கும். 1 என்றால் தண்ணீர், சோடாப் போத்தல் வகை. 2 சம்போப் போத்தல், கலன் வகை. 4 மெல்லிய பேக். 5 தயிர், ஐஸ்கிரீம் பெட்டிகளில் பல. 6 யோகட் கப் சிலவும், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியும். பழைய சாமான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விரும்பி எடுப்பது 1, 2, 5, அதோடு டின், மட்டைப்பெட்டி. விலை இடத்துக்கு இடம் மாறும், உங்கள் தெருவுக்கு வருகிறவரிடமே கேளுங்கள். கொடுக்கமுன் போத்தலின் மூடியைக் கழற்றி, மிதித்துச் சப்பையாக்குங்கள்.

மூடியை ஏன் கழற்றுவது? பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் காட்டுங்கள். போத்தலில் ஒரு துண்டு வெட்டி, மூடியையும் துண்டையும் தண்ணீருக்குள் அமத்திவிட்டுக் கையை எடுங்கள். மூடி மேலே வரும், துண்டு அடியில் கிடக்கும். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். உருக்குகிறவர்கள் பிரிப்பதும் இந்த முறையில்தான். வாவியில் நடப்பதும் இதுதான். மிதக்கிற மூடியும் பேக்கும் கரையில் ஒதுங்கும், இல்லையென்றால் முகத்துவாரத்தால் கடலுக்குப் போகும். தாழுகிற துண்டு அடிச் சேற்றில் கிடக்கும். கரை துப்புரவாக இருக்கிறது என்று பாலத்தில் நின்று பார்க்கிறவருக்கு அடியில் கிடப்பது தெரியாது. வீச்சு வலை எறிகிறவருக்குத் தெரியும்.

எத்தனை துண்டானாலும் அது இல்லாமல் போவதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெயிலில் முறுகி நொறுங்கும், அவ்வளவுதான். ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அதற்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர் மாறும். 2021 வைகாசியில் மேற்குக் கரையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நீர்கொழும்புப் பக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் குவிந்து கிடந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். கப்பலில் இருந்தது 1,600 தொன்னுக்கும் மேல். அது ஒரு கப்பலின் கதை என்று அப்போது நினைத்தேன். எங்கள் கொல்லைக் கதவடியில் வெயில் பட்டு முறுகின நீல வாளியை ஒருநாள் தூக்கினேன், கைபிடியோடு உடைந்து, மணலுக்குள் பொடியாய்ச் சிந்தியது. ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து பொறுக்கினேன். பாதியும் எடுபடவில்லை.

வாங்கும் இடத்தில் வாய் திறப்பது

பிரித்துப் பழகினால் ஒரு மாதத்தில் ஒன்று புரியும்: மெல்லிய பேக்கையும் பிஸ்கட் உறையையும் எவரும் வாங்குவதில்லை. பாரமில்லை, பல அடுக்கு, கழுவிப் பிரிக்கக் கூலி கட்டாது. அவற்றை வீட்டுக்கு வராமல் தடுப்பதுதான் வழி.

உங்கள் கணக்கில் முதலாவதாக வந்த வழியை மட்டும் முதலில் பிடியுங்கள். எனக்கு அது மீன். மூடியுள்ள ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டதும் வெளியே போனேன்.

“நானா, இதுக்குள்ள போடுங்க.”

“ஏன் தங்கச்சி, பேக் இல்லையெண்டு நினைச்சீங்களா? இருக்கு.”

“இருக்கெண்டுதான் இதக் கொண்டு வந்தன்.”

சிரித்துக்கொண்டே போட்டார். தராசில் பெட்டியின் பாரத்தைக் கழிக்க மறந்துவிட்டார், அது நூறு கிராம் வரும். அடுத்த முறை முதலில் வெறும் பெட்டியை நிறுத்துக் காட்டச் சொன்னேன். நீங்கள் முதல் நாளே சொல்லுங்கள். இப்போது எங்கள் வாசலில் ஹோர்ன் அடித்தால் பின்னாலேயே “பெட்டியக் கொண்டு வாங்க” என்ற சத்தமும் வரும்.

பலசரக்குக் கடைக்குச் சட்டம் துணைக்கு வந்துவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பேக்கைக் கடைகள் சும்மா கொடுக்கக்கூடாது, காசு வாங்கிப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும். ரூபாய்க் கணக்கில் அது சிறிய காசுதான், ஆனாலும் “பேக் வேணுமா?” என்று கடைக்காரர் இப்போது கேட்கிறார். முன்பு கேட்காமலே போட்டார். அந்தக் கேள்விக்கு “வேண்டாம்” என்று சொல்ல உங்கள் கையில் ஒரு பை இருக்கவேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் முழு வித்தையும். குசினியில் தொங்கினால் மறப்பீர்கள். மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியில், சைக்கிள் கூடையில், கைப்பைக்குள் ஒவ்வொன்று. பன் புல்லில் பின்னின பையோ ஓலை உமலோ கிடைத்தால் வாங்குங்கள். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் பின்னுவது, மரக்கறிக்கு நல்ல காற்றோட்டம். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே மீனுக்கு வேண்டாம்.

கடைச் சாப்பாட்டுக்கு மூடியுள்ள பாத்திரம். லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் 2017 செப்டம்பர் 1 முதல் தடை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் மண்ணாகிப் போன பிறகு வந்த சட்டம் அது. அதற்கும் பத்து வருடம் முன், 2007 தையிலேயே 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்புமான பொலித்தீன் தடை. இவ்வளவுக்குப் பிறகும் சோத்துப் பார்சல் எதில் சுற்றி வருகிறது என்று நீங்களே பாருங்கள். கடைக்காரரோடு சட்டம் பேசப் போகவேண்டாம். மதியம் பன்னிரண்டரைக்கு அவருக்கு அதற்கு நேரமில்லை. பத்து மணிக்கு முன் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள், கூட்டத்துக்குள் நின்று கேட்பதைவிட வேலை நடக்கும். கொதிக்கிற தேத்தண்ணீரைப் பையில் கட்டி வாங்குவதை மட்டும் இன்றைக்கே விடுங்கள். பொலித்தீன் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதில்லை.

2023 ஒக்டோபர் 1 இல் இன்னொரு தடைப் பட்டியல் வந்தது: ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கப், தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு. யோகட் கரண்டி பட்டியலில் உண்டு, யோகட் கப்புக்கு விலக்கு. இதை எழுதினவர் தயிர்ச் சட்டியைக் கண்டவரில்லையோ என்னவோ. மட்டக்களப்பு எருமைத் தயிர் மண் சட்டியில்தான் தயிர். சட்டி கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் வெட்டினால் நிற்கிறது. வெறும் சட்டி உடைந்தால் மண்ணோடு மண். விலை கொஞ்சம் கூடத்தான்.

தீ மூட்டாதீர்கள்

நல்லெண்ணத்தோடு செய்யும் பிழைகளில் இதுதான் பெரிது. பின்னேரம் கூட்டி, சருகோடு பேக்கையும் சேர்த்துக் கொளுத்தினால் வளவு துப்புரவாகத் தெரியும். கறுத்த புகையில் என்னென்ன இருக்கிறது என்பது எரிந்த சாமானைப் பொறுத்தது. பிவிசிக் குழாய்த் துண்டோ வயர்த் தோலோ இருந்தால் டயொக்சின் என்ற நஞ்சு வரும், அது உடம்பின் கொழுப்பில் தங்குவது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017 சட்டத்தில் தடைதான்.

எங்கள் வீட்டில் இது அடுப்புப் பிரச்சினையாக இருந்தது. மாமி விறகு மூட்டச் சொப்பிங் பேக் வைப்பார். “மழைக்கு விறகு ஈரம், வேற என்னத்த வைக்க?” நியாயமான கேள்வி. கோடையிலேயே பன்னாடையும் தென்னம்பாளையும் ஒரு சாக்குச் சேர்த்து அடுப்புப் பரணில் போட்டுவைத்தோம். பன்னாடை பொலித்தீனைவிடக் கெதியாய்ப் பிடிக்கும் என்று இப்போது அவர்தான் வருகிறவர்களுக்குச் சொல்கிறார்.

கானும் யோகட் கப்பும்

புரட்டாதி பிறந்ததும் வீட்டு முன் வடிகானைத் திறந்து பாருங்கள். மழை தொடங்கின பிறகு செய்கிற வேலையில்லை இது. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம், ஆழம் குறைவு, கடலுக்கு வாய் பாலமீன்மடுப் பக்கமும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும். மழை வெள்ளம் கானால் வாவிக்கும் வாவியால் முகத்துவாரத்துக்கும் போகவேண்டும். மணல் திட்டு மூடியிருந்தால் அதை வெட்டிவிட ஆட்கள் வருவார்கள். உங்கள் கானில் அடைத்திருக்கிற பேக்கை எடுக்க ஒருவரும் வரமாட்டார். சாய்ந்தமருதுப் பக்கத்தவர்களுக்குத் தோணாவைச் சொன்னால் போதும், வெள்ளத்தைக் கடலுக்கு விடவேண்டிய ஓடை எத்தனை தடவை குப்பையால் அடைபட்டது என்று அவர்களே கதை சொல்வார்கள்.

மழைக்குப் பிறகு நுளம்பு. டெங்கு பரப்பும் நுளம்புக்குக் குளம் தேவையில்லை; யோகட் கப்பில் இரண்டு விரல் தண்ணீர் போதும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கொரு தரம் வளவைச் சுற்றினால் கணக்கு சரி. தண்ணீரைக் கவிழ்ப்பதோடு விடாதீர்கள். முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தேய்த்துக் கழுவுங்கள், அல்லது காய்ந்த வாளிக்குள் போடுங்கள். நான் மெச்சின தயிர்ச் சட்டிக்கும் இதே சட்டம்.

கரைக்கு இறங்கினால்

வீடு ஒருவழிக்கு வந்தபிறகு கைகள் துருதுருக்கும், வாவிக்கரையைத் துப்புரவு செய்யலாமா என்று. செய்யலாம். முதல் தரம் ஏழெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். நாங்கள் முதல் தடவை நாற்பது பேர் போனோம், படம் வடிவாக வந்தது. இருபத்தைந்து சாக்குக் குப்பையைக் கரையில் அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஏற்றுவதற்கு வாகனம் வருமென்று ஒருவர் மற்றவரை நம்பியிருந்தோம். இரவு மழை. காலையில் நாய் கிழித்த சாக்குகளிலிருந்து பாதி திரும்ப வாவிக்குள்.

ஆகவே முதலில் வாகனம். உங்கள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ ஒரு கிழமை முன்பே கடிதம் கொடுத்து, நாளும் மணியும் உறுதியான பிறகு ஆட்களைக் கூப்பிடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லிவையுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள், அதற்குப் பிறகு வெயில் ஆளை வாட்டும். தடித்த கையுறை, மூடின சப்பாத்து, குடிதண்ணீருக்கு ஒரு கலனும் கோப்பைகளும். துப்புரவுக்குப் போய்த் தண்ணீர்ப் போத்தல் பெட்டி இறக்குகிற கூத்தை நானே கண்டிருக்கிறேன். குப்பை சேர்க்கப் பழைய உரப்பை நல்லது. ஊசி, உடைந்த போத்தலுக்கு ஒரு தனி டின்.

வாவிக்கரைக் கண்டல் மரத்தின் வேருக்குள் சிக்கின பேக்கைப் பிய்த்து இழுக்காதீர்கள். வேர் மூச்செடுப்பது அந்தச் சேற்றுக்கு மேலேதான். கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். வலைத்துண்டு கண்டால், அது எறிந்ததா காயப்போட்டதா என்று பக்கத்தில் நிற்கும் மீனவரிடம் கேட்டுவிட்டே தொடுங்கள். ஒருவரின் பிழைப்பைக் குப்பையென்று அள்ளின கதையும் உண்டு. பாணமை, பொத்துவில் பக்கத்துக் கடற்கரைகளில் ஆமை முட்டையிடும். இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வரும் ஆமை ஐந்து வகை. அங்கே மணலை வாரியால் வாராமல் கையால் பொறுக்குங்கள்.

சேர்ந்ததை அங்கேயே ஈரம், காய்ந்தது என்று பார்க்கவேண்டாம், அது கலந்து கிடந்தே கெட்டுப்போனது. சாக்குகளை மட்டும் எண்ணி எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்குப் போகும்போது அந்த எண் தேவைப்படும்.

கோயில், கல்யாணம், செத்த வீடு

இதில் ஒருவராய்ச் சண்டை பிடிக்கமுடியாது. ஒரு பொறுப்பை மட்டும் கேட்டு வாங்குங்கள்: தண்ணீர். மாமாங்கக் கோயில் ஆடி அமாவாசைக்கோ வைகாசியில் அம்மன் சடங்குக்கோ தாகசாந்திப் பந்தல் போடுகிறவர்களோடு சேர்ந்து, பிளாஸ்டிக் கப்புக்குப் பதிலாக எவர்சில்வர் கோப்பை நூறும், கழுவ இரண்டு பெரிய பேசினும், கழுவ நாலு பொடியன்மாரும் நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள். பொடியன்மாரைப் பிடிப்பதுதான் கஷ்டம். செத்த வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள், அந்த நேரத்தில் பொறுப்பெடுக்க ஒருவர் வந்தாலே போதும் என்றிருப்பார்கள்.

இனி என் வீட்டுக் கணக்கு. மீன் பேக் இல்லை. லஞ்ச் சீட் மாதத்துக்கு ஒன்றிரண்டு, விருந்தாளி கொண்டுவருவது. குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு யூரியா பேக் தொங்குகிறது. வாங்க ஆளில்லாத உறைகளெல்லாம் அதற்குள் போகும், நிரம்பினால் ட்ரக்டருக்கு. முதல் வருடம் மூன்று கிழமையில் நிரம்பியது, இப்போது இரண்டு மாதம் பிடிக்கிறது. போன சனிக்கிழமை அதைக் கவிழ்த்து எண்ணினேன். முக்கால்வாசி கிரீம் பிஸ்கட் உறை. மகளைப் பார்த்தேன். அவள் மாமியைப் பார்த்தாள். மாமி தேத்தண்ணீரோடு தொட்டுச் சாப்பிட ஒன்றை அப்போதுதான் உடைத்துக்கொண்டிருந்தார்.